6001 - ஒரு பேரிங்கும் நாலு வருச இன்ஜினியரிங்கும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. வழக்கம் போல ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதுபோக சனி ஞாயிறு ஆனா பால்கனில சைக்கிள கவுத்துப் போட்டு அதுக்கு முன்னாடி உக்காந்திருந்தேன். அந்தக் கதைதான் இன்னிக்கு. கதையா ஆரம்பிச்சாலும் கடைசில கருத்து சொல்லாம விடமாட்டேன். பழகுன மக்கதான, பொறுத்துக்கோங்க :)

மேட்டர் இதுதான். 2021-ல வாங்குன கியர் சைக்கிள். சரவணம்பட்டில இருந்து ஞாயித்துக்கெழம ஆனா மருதமலை அடிவாரம், கொஞ்சம் தெம்பு இருந்தா ஆனைகட்டி. மொபைல் கணக்குப்படி மொத்தம் ஆறாயிரம் கிலோமீட்டர் சொச்சம். போன மழைக்கு லங்கா கார்னர் பாலத்துக்கு அடில தேங்குன தண்ணில மாட்டிக்கிட்டேன். ஹப் முங்குற அளவு தண்ணி. சேறாயிடுச்சேன்னு அடுத்த நாளே வாட்டர் சர்வீஸ்ல குடுத்து, பைக்குக்கு அடிக்கற அதே பிரஷர்ல பளபளன்னு கழுவி வாங்கிட்டு வந்தேன். என்ன ஒரு அறிவு!

மூணு வாரம் கழிச்சு பின் சக்கரத்துல "கர்ர்ர்"னு ஒரு சத்தம். காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி. ஒரு பெரிய ஷோரூமுக்கு கொண்டு போனேன். அங்க இருந்த பையன் சக்கரத்த ரெண்டு சுத்து சுத்துனார். இப்படி அப்படி ஆட்டுனார்.

"ஹப் போயிடுச்சுங்க சார். வீலோட மாத்திரலாம். 6500 வரும்."

"ஹப்ல என்னங்க போச்சு?"

"உள்ள சீல்டு பேரிங்ங்க சார். அதெல்லாம் பிரிக்க முடியாது."

நானும் தலையாட்டிட்டு, ரெண்டு நாள்ல சொல்றேன்னு வந்துட்டேன்.

இதுல கேவலம் என்னன்னா, நான் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பொழப்புக்கு பொட்டி தட்டுறது வேற விசயம். அஞ்சாவது செமஸ்டர்ல பி.எஸ்.ஜி டிசைன் டேட்டா புக்க வெச்சுக்கிட்டு, இவ்ளோ லோடு, இவ்ளோ வேகம், இத்தன மணி நேரம் ஆயுசு, எந்த பேரிங் போடலாம்னு கணக்கு போட்டு பாஸ் பண்ணவன். அந்த டேபிள்ல 6000, 6001, 6002னு வரிசையா நம்பர் இருக்கும். அதுல ஒண்ணு என் சைக்கிள் சக்கரத்துக்குள்ளயே உக்காந்திருக்குன்னு ஒரு நாள் கூட தோணல.

ராத்திரி அப்பாகிட்ட போன்ல சொன்னேன். அப்பா உடுமலைல ஒரு ஸ்பின்னிங் மில்லுல முப்பது வருசம் ஃபிட்டர். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பேரிங்கு நம்பர் என்ன?"

"தெரியலீங்ப்பா. அவங்க சக்கரத்தையே மாத்தோணும்ங்கறாங்க."

"ஏஞ்சாமி, மில்லுல ஒரு பேரிங்கு போச்சுன்னா மெசினயே மாத்துவாங்களா?"

எனக்கு பதில் வரல. அடுத்த சனிக்கெழம பஸ் ஏறி வந்துட்டார்.

போயிடுச்சுன்னு எப்படி தெரியும்?

வந்ததும் நான் ரொம்ப பெருமையா சக்கரத்த வேகமா சுத்தி விட்டு, "பாருங்க, நல்லா ரொம்ப நேரம் சுத்துது, ஆனா சத்தம் வருது"ன்னேன். அப்பா சக்கரத்த கைய வெச்சு நிறுத்திட்டார். "வேகமா சுத்துனா ஒண்ணும் தெரியாது. மெதுவா சுத்து"ன்னார். அவர் சொன்னதையும் நான் அப்பறம் படிச்சு தெரிஞ்சுக்கிட்டதையும் சேத்து எழுதறேன்.

1. சத்தம் எப்ப வருதுன்னு பாருங்க. மிதிக்கும்போது மட்டும் வந்தா பெடல், இல்லன்னா பெடல் கட்டை சேர்ற எடத்துல இருக்கற பேரிங் மேல சந்தேகப்படலாம். மிதிக்காம உருட்டும்போதும் வந்தா சக்கரத்துல இருக்கு. (ஃப்ரீஹப்போட "டிக் டிக்" சத்தம் இதுல சேராது. அது இருக்கணும்.)

2. வண்டிய தூக்கி நிறுத்தி, ரிம்ம மேல புடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க. லேசா "டக் டக்"னு ஒரு ஆட்டம் கைக்கு தெரிஞ்சா பேரிங் தேஞ்சிருக்கலாம். அதுக்கு முன்னாடி க்விக் ரிலீஸ் லிவர் டைட்டா இருக்கா, ஆக்ஸில் ஓரத்து நட்டு லூசா இருக்கான்னு பாத்துருங்க. லூசா இருந்தா முறுக்குனா போதும், செலவே இல்ல. பிரேக்குல ரிம் ஒரு எடத்துல மட்டும் ஒரசுதுன்னா அது பேரிங் இல்ல, ரிம் கோட்டம். போக்ஸ் கம்பி வேலை.

3. சக்கரத்த கழட்டி, ஆக்ஸில் முனைய ரெண்டு விரல்ல புடிச்சு மெதுவா திருப்புங்க. இதுதான் முக்கியமான டெஸ்ட். நல்ல பேரிங் வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு போகும், லேசா ஒரு பிசுபிசுப்பு இருக்கும். மணல் நெருடற மாதிரி இருந்தா உள்ள அழுக்கோ துருவோ போயிருக்கு. ஒவ்வொரு எடத்துலயும் நின்னு நின்னு போனா உள் வளையத்துல குழி விழுந்திருக்கு.

4. ரொம்ப நேரம் சுத்துற சக்கரம்தான் நல்ல சக்கரம்ங்கறது மூடநம்பிக்கை. புது பேரிங்ல நெறய கிரீஸ் இருக்கும், ரப்பர் சீல் உள் வளையத்த ஒட்டி நிக்கும். அதனால சீக்கிரம் நின்னுரும். கிரீஸ் காஞ்சுபோன பழசு கடகடன்னு சுத்திக்கிட்டே இருக்கும். நான் பெருமையா சுத்திக் காட்டுனேனே, அதுவே சீக்குக்கு அறிகுறிதான்.

என்னோடது மணல் நெருடல். ஆக்ஸில கழட்டிட்டு விரல உள்ள விட்டு திருப்பினா, வலது பக்கம் பாதி சுத்துல நின்னே போச்சு. சீல ஒரு பிளேடு முனைல நெம்பி எடுத்தா கிரீஸ் இருக்க வேண்டிய எடத்துல டீத்தூள் கலர்ல ஒரு குழம்பு. லேசான அழுக்கா இருந்தா டீசல்ல கழுவி, காய வெச்சு, புது கிரீஸ் வெச்சு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். துரு ஏறிட்டா மாத்துறதுதான் வழி.

அந்த கருப்பு சீல துணியால தொடச்சு கண்ணாடிய போட்டுக்கிட்டு அப்பா படிச்சார். "6001, 2ஆர்.எஸ். அவ்வளவுதான்" அப்படின்னார்.

அந்த நம்பர்ல என்ன இருக்கு?

எல்லாமே இருக்கு. முதல் 6 அது எந்த ஜாதி பேரிங்னு சொல்லுது, டீப் குரூவ் பால் பேரிங். அடுத்த எண் வெளிப்பக்கம் எவ்வளவு பெருசுங்கற வரிசை. கடைசி ரெண்டு எண் நடு ஓட்டை. 00னா 10 மி.மீ, 01னா 12, 02னா 15, 03னா 17. 04-ல இருந்து அஞ்சால பெருக்கிக்கலாம், 04னா 20 மி.மீ. 2ஆர்.எஸ்னா ரெண்டு பக்கமும் ரப்பர் சீல். இசட் இசட்னு இருந்தா தகர மூடி, தூசி தாங்கும், தண்ணி தாங்காது. ஆக 6001னா உள்ள 12, வெளிய 28, கனம் 8 மி.மீ. ஜப்பான்காரன் செஞ்சாலும் ஜெய்ப்பூர்ல செஞ்சாலும் அதே அளவு.

உங்க தலைக்கு மேல சுத்துதே ஃபேன், அதுக்குள்ள அனேகமா 6201, 6202 இருக்கும். இவனுக்கு பெரியப்பா பையன் மாதிரி.

சைக்கிளுக்கும் பால் பேரிங்குக்கும் இருக்கற உறவு ரொம்ப பழசு. 1869-ல பாரீஸ்ல சூரிரேன்னு ஒரு சைக்கிள் மெக்கானிக் பால் பேரிங்குக்கு பேட்டண்ட் வாங்கினார். அதே வருசம் நவம்பர்ல பாரீஸ்ல இருந்து ரூவான் வரைக்கும் நடந்த சைக்கிள் ரேஸ்ல ஜேம்ஸ் மூர் ஜெயிச்சது அவர் பேரிங் போட்ட வண்டிலதான். 1883-ல ஜெர்மனில ஷ்வைன்ஃபர்ட் ஊர்ல ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் எஃகு குண்டுகள ஒரே அளவா தேய்க்கற மெஷின் செஞ்சார். அதுக்கப்பறம்தான் பேரிங் பெரிய தொழிலாச்சு. ஆக சைக்கிள் மெக்கானிக் கைல வளந்த சமாச்சாரம் இது. இன்னிக்கு சைக்கிள் கடைலயே அத பிரிக்க முடியாதுங்கறாங்க. கொடும!

கடையும் சுத்தியலும்

மோட்டாரும் பம்ப்செட்டும் செய்யற ஊர்ல பேரிங் கடைக்கு பஞ்சமா? திங்கக்கெழம ஆபீஸ் போற வழில ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு பக்கத்துல இருந்த பேரிங் கடைல கேட்டேன்.

"6001, 2ஆர்.எஸ் ரெண்டு குடுங்கண்ணா."

"மோட்டாருக்குங்களா?"

"இல்லீங்ணா, சைக்கிளுக்கு."

ஒரு தரம் ஏற எறங்க பாத்துட்டு, "அப்ப சி3 வேண்டாம், சாதாவே போதும்"னு எடுத்துக் குடுத்தார். சி3னா உள்ள கொஞ்சம் எடைவெளி ஜாஸ்தி, சூடாகி விரியற மோட்டாருக்கு செஞ்சது. கேக்காமயே இத சொன்னார் பாருங்க, அவருக்குத்தான் டிகிரி குடுக்கணும். ரெண்டும் சேத்து 320 ரூவா. பெரிய கம்பெனி பேர்ல போலியும் உலவுது, அதனால டீலர் கடைல பில்லோட வாங்குங்க.

அப்பா ஞாயித்துக்கெழமயே ஊருக்கு போயிட்டார். பழைய பேரிங்க ரெண்டு பேரும் சேந்து ஏற்கெனவே எடுத்து வெச்சிருந்தோம். கழட்டறது ஹப்புக்கு ஹப் மாறும். என்னோடதுல ஓரத்து மூடிய கழட்டினா ஃப்ரீஹப் அப்படியே கைல வந்துருது (உள்ள நாக்கு மாதிரி குட்டிப் பல்லும் ஸ்பிரிங்கும் இருக்கு, தெறிச்சா சோபாவுக்கு அடில தேடணும்). அப்பறம் ஆக்ஸில ரப்பர் சுத்தியால தட்டினா ஒரு பேரிங்கோட சேந்து வெளிய வரும். இன்னொண்ண எதிர்ப்பக்கத்துல இருந்து ஒரு கம்பிய விட்டு, ஒரே எடத்துல தட்டாம மாத்தி மாத்தி சுத்தி தட்டி எறக்கணும்.

மாட்டறது என்ன பெரிய வித்தைன்னு நானே உக்காந்தேன். ஸ்க்ரூ டிரைவர வெச்சு சுத்தியால தட்டி தட்டி ரெண்டையும் எறக்கிட்டேன். நல்லாத்தான் போச்சு. ரெண்டே வாரத்துல மறுபடியும் நெருடல்.

அப்பாகிட்ட சொன்னா, "எந்த வளையத்துல தட்டுன?"ங்கறார். நடுவுல, உள் வளையத்துல தட்டியிருக்கேன். அங்க தட்டினா அடி முழுக்க குண்டு வழியாத்தான் வெளி வளையத்துக்கு போகும். குண்டு உக்காந்திருக்கற தடத்துல கண்ணுக்கு தெரியாத பள்ளம் விழுந்துரும். கழட்டும்போதும் இதேதான் நடக்குது, அதனாலதான் ஒரு தரம் தட்டிக் கழட்டுன பேரிங்க திரும்ப போடக்கூடாதுங்கறாங்க. டேட்டா புக்ல இதுவும் ஏதாவது மூலைல இருந்திருக்கும். பரீட்சைக்கு கேக்க மாட்டாங்கன்னு விட்டிருப்பேன்.

ரெண்டாவது தரம் இன்னொரு 320. கூட ஹார்டுவேர் கடைல ஒரு 10 மி.மீ த்ரெட் ராடு, ரெண்டு நட்டு, நாலு பெரிய வாஷர். குழிய தொடச்சு லேசா கிரீஸ் தடவி, புது பேரிங்க நேரா வெச்சு, அதுக்கு மேல பழைய பேரிங்கயே வெச்சு (அளவு அச்சு அசலா பொருந்தும்), வாஷர் போட்டு நட்ட மெதுவா முறுக்கினா சத்தமே இல்லாம உள்ள போய் உக்காந்துருது. கோணலா போனா உடனே நிறுத்தி திருப்பி வெக்கணும். முதல் பக்கம் கடைசி வரைக்கும். அப்பறம் ஆக்ஸில விட்டுட்டு இன்னொரு பக்கம், உள் வளையம் ஆக்ஸில் தோள தொட்டதும் நிறுத்திரணும். அதுக்கு மேல முறுக்கினா ரெண்டு பேரிங்கும் ஒண்ண ஒண்ணு பக்கவாட்டுல நெருக்கி, சக்கரம் கனமா சுத்தும், சீக்கிரமே தேஞ்சும் போகும்.

மாட்டி முடிச்சு மெதுவா திருப்பினேன். வெண்ணெய்.

இருபத்தியோரு லட்சம் கிலோமீட்டர்

சும்மா இருக்க முடியாம டேட்டா புக் கணக்க போட்டுப் பாத்தேன். 6001-க்கு டைனமிக் லோடு கெப்பாசிட்டி 5000 நியூட்டனுக்கு சொச்சம். நானும் வண்டியும் சேந்து 85 கிலோ. பின் சக்கரத்துக்கு 50 கிலோ, அத ரெண்டு பேரிங் பங்கு போட்டா ஆளுக்கு 250 நியூட்டன். குழி, குலுக்கல், செயின் இழுப்பு எல்லாத்துக்கும் சேத்து தாராளமா ரெண்டு மடங்கு, 500. கெப்பாசிட்டிய லோடால வகுத்தா பத்து, அத கியூப் பண்ணா ஆயிரம். அதாவது ஆயிரம் மில்லியன் சுத்து. ஒரு சுத்துக்கு 2.1 மீட்டர். மொத்தம் 21 லட்சம் கிலோமீட்டர்! நிலாவுக்கு ரெண்டு தரம் போயிட்டு வந்து, மூணாவது தரம் போய் எறங்கிரலாம்.

என்னோடது ஆறாயிரத்துல செத்துச்சு. ரெண்டாவது ஜோடி ரெண்டு வாரத்துல.

அந்த ஃபார்முலா சொல்றது உலோகம் களைச்சு போய் உதிர்ற வரைக்குமான ஆயுச. சுத்தமான கிரீஸ், சரியா மாட்டுன பேரிங்குன்னு வெச்சுக்கிட்டு சொல்ற கணக்கு. நெஜத்துல சைக்கிள் பேரிங் அப்படி களைச்சு சாகறதே இல்லன்னு சொல்லலாம். தண்ணியால சாகும், மண்ணால சாகும், என்ன மாதிரி ஆளு கைல சுத்தியால சாகும். "சீல்டு"ன்னா சீல் வெச்சாச்சு, நாம ஒண்ணும் பாக்க வேண்டாம்னு இல்ல. தூறல் தாங்கும். முங்கறதும் பிரஷர் தண்ணியும் தாங்காது. துரு விடறதுக்கு அடிக்கற ஸ்பிரேய ஹப் ஓரத்துல அடிச்சாலும் உள்ள கிரீஸ் கரைஞ்சு போகும். வாளித் தண்ணியும் பழைய துணியும் போதும்.

சரி, கருத்து

இவ்வளவும் படிச்சுட்டு ஷோரூம்காரன் திருடன்னு முடிவு பண்ணிராதீங்க. நானும் முதல்ல அப்படித்தான் கடுப்பா இருந்தேன். போன மாசம் பிரேக் கட்டை வாங்க அதே கடைக்கு போனப்ப அந்தப் பையன்கிட்ட சொன்னேன், பேரிங் மட்டும் மாத்திட்டேன்னு. சுத்தி முத்தி பாத்துட்டு சொன்னார்: "தெரியும்ங்க சார். இங்க அதுக்கு டூல் இல்லீங்க. ஒரு மணி நேரம் கழட்டி மாட்டிட்டு லேபர் நானூறு ரூவான்னா கஸ்டமர் சண்டைக்கு வர்றாங்க. 6500-ன்னு புது வீல் காட்டுனா பேசாம குடுத்துடறாங்க."

யோசிச்சு பாத்தா என் மேலயும் தப்பு இருக்கு. மணிக்கணக்குக்கு பில் போடற தொழில்லதான் நானும் இருக்கேன். ஆனா ஒரு மெக்கானிக் தன்னோட ஒரு மணி நேரத்துக்கு காசு கேட்டா "இதுக்குப் போயா?"ங்கறோம். பொருளுக்கு எவ்வளவு வேணா குடுப்போம், கைவேலைக்கு குடுக்க மனசு வராது. அப்பறம் கைவேலை தெரிஞ்ச ஆள் எங்கிருந்து வருவான்? பெட்டியப் பிரிச்சு மாட்டறவன்தான் வருவான். அப்பா காலத்துல தெருமுனை சைக்கிள் கடைல வருசத்துக்கு ஒருக்கா ஓவராயில் பண்ணுவாங்க. கோன், கப்பு, பால்ரஸ்னு பிரிச்சு கழுவி, கிரீஸ் வெச்சு, தேஞ்சத மட்டும் மாத்துவாங்க. பொருள் விலை கம்மி, கூலிதான் ஜாஸ்தி. அத யாரும் கொள்ளைன்னு சொல்லல.

எல்லாத்தையும் நாமளே செய்யணும்னு நான் சொல்லல. நேரம் இல்லாதவங்க தாராளமா கடைல குடுங்க. ஆனா சக்கரத்த மாத்தணும்னு யாராவது சொன்னா "பேரிங் நம்பர் என்னங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நம்பர் சொன்னார்னா அவர் நல்ல மெக்கானிக். அவர் கேக்கற நானூறு ரூவாய பேரம் பேசாம குடுத்துட்டு வாங்க. உங்களுக்கும் ஆறாயிரம் மிச்சம், அந்தத் தொழிலும் இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கும்.

அந்தப் பையன் கடைசில என்ன கேட்டார் தெரியுமா? "என்ன நம்பர்ங்க சார் அது?" சொன்னேன். பில் புக்கோட பின்னட்டைல எழுதி வெச்சுக்கிட்டார்.

டிஸ்கி: ரெண்டு தரம் வாங்குன பேரிங், ராடு, வாஷர் எல்லாம் சேத்து என் செலவு 790 ரூவா. அப்பாவோட பஸ் சார்ஜ் தனி, அத அவர் வாங்க மாட்டேன்னுட்டார். இத படிச்சு முடிச்ச கையோட மாடிப்படிக்கு அடில நிக்கற உங்க வண்டிய ஒரு தரம் தூக்கி, சக்கரத்த மெதுவா சுத்திப் பாருங்க. மெதுவா.